வெள்ளவத்தையில பிளட் (தொடர்மாடி வீடு) வாங்கிப் பூட்டி வைச்சிருக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ

கனடாவில இருக்கிற அக்கா வெள்ளவத்தையில ஒரு பிளட் வாங்கிப்போட்டு திறப்பை என்னட்டத் தந்திட்டுப் போனவ. நான் இருக்கிறது கிளிநொச்சியில. அவையள் லீவுக்கு வந்து நிக்கேக்க மட்டும்தான் அந்த வீடு திறபடும், மிச்ச நேரமெல்லாம் பூட்டுத்தான், நான் கொழும்புக்கு வேற அலுவலாப் போனால் ஒருக்கா எட்டிப் பாப்பன், அவ்வளவுதான். வன்னியில இப்பிடி ஆற்றையோ வீட்டுத் திறப்போட திரியிற ஆக்கள் கனபேர் இருக்கினம், அதான் எழுதிறன்.

மேல்வீட்டு பாத்ரூம் பைப் வெடிச்சு தண்ணி எங்கட வீட்டுக்க இறங்கியிருக்கு. கீழ்வீட்டுக்காரற்ற சீலிங்கில ஈரம் கண்டபிறகுதான் செக்யூரிட்டி எனக்கு போன் அடிச்சது. போய்க் கதவைத் திறந்தால் லாமினேட் தரை முழுக்க அப்பளம் மாதிரிப் பொங்கிக் கிடக்கு, பான்ட்ரி கபேட் கதவுகள் ஊதி ஒண்டும் பூட்டுப்படேல்ல, அறைச் சீலிங்கில ரெண்டு பலகை கழண்டு கட்டிலுக்கு மேல விழுந்து கிடக்கு, மெத்தையைத் தூக்கினால் அடியில கறுப்பாப் பூஞ்சணம்.

சரி, இன்சூரன்ஸ் இருக்குத்தானே எண்டு மெனேஜ்மென்ட் கொமிட்டியோட கதைச்சன். வீடு விக்கேக்க "பில்டிங்குக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, மெயின்டனன்ஸ் காசுக்குள்ள அதுவும் அடக்கம்" எண்டு சொன்னவை. பொய்யில்லை, தொடர்மாடி வீடுகளுக்கெண்டு 1973ம் ஆண்டு 11ம் இலக்கச் சட்டம் ஒண்டு இருக்கு, அதின்படி கட்டடத்துக்குக் காப்புறுதி எடுக்கவேண்டியது ஓனர்மார் எல்லாரும் சேந்த அந்த மெனேஜ்மென்ட்தான். ஆனால் அந்தப் பொலிசி சுவர், கூரை, லிஃப்ட், படி எண்டு பொதுக் கட்டடத்துக்கு. நாங்கள் உள்ளுக்கு அடிச்ச கபேட், போட்ட லாமினேட், கட்டில், ஏசி ஒண்டும் அதுக்க வராது. அதோட அவை எடுத்து வைச்சிருந்தது நெருப்புக்கும் இடிமின்னலுக்கும்தான். பைப் வெடிக்கிறது, தண்ணி கசியிறது எல்லாம் மேலதிகமாக் காசு கட்டிச் சேக்கிற சாமான், சேக்கேல்ல. இதை விக்கேக்க ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

மேல்வீட்டுக்காரர் லண்டன்ல, அவற்ற வீடும் பூட்டுத்தான். அவரைக் கேட்டால் அது பொதுப் பைப் எண்டுறார், கொமிட்டி அது அவற்ற பைப் எண்டுது. இதுக்குள்ள நான்.

ஆனால் உண்மையில எங்களைப் பேய்க்காட்டினது இவையில்லை. அக்கா வீட்டுக்கெண்டு தனியா ஒரு பொலிசி எடுத்து வைச்சிருந்தவ. அதை எடுத்துத் தந்தது எங்கட ஊர்ப் பக்கத்து ஏஜென்ட் ஒராள். 2016 செப்டம்பரில கிளிநொச்சிச் சந்தை எரிஞ்சதை வைச்சுத்தான் அவர் இஞ்ச எல்லாரோடயும் கதை தொடங்கிறவர், "அண்ணை சந்தைக்குள்ள கடைக்காரர் பட்ட பாட்டைப் பாத்தனீங்கள்தானே" எண்டு. நான் அவரிட்ட வடிவாச் சொன்னனான் தம்பி இது பூட்டிக் கிடக்கிற வீடு, ஆக்கள் கனடாவில எண்டு. "பிரச்சினை இல்லையண்ணை, எல்லாம் கவர் ஆகும்" எண்டார். பிறகு அக்காவுக்கு வட்ஸ்அப்பில கையெழுத்து வைக்கிற பக்கத்தை மட்டும் அனுப்பி எடுத்தவர்.

கிளைம் போட்டாப்பிறகு கொம்பனி அந்த முழுப் போமையும் காட்டினது. வீட்டில ஆர் இருக்கினம் எண்ட இடத்தில நீலப் பேனையால ஓனர் குடியிருக்கிறார் எண்டு அவரே நிரப்பியிருக்கிறார். பொலிசிப் புத்தகத்தில, அதுவும் இங்கிலிசில சின்ன எழுத்தில, வீடு தொடந்து 30 நாளுக்கு மேல ஆளில்லாமல் கிடந்தால், கொம்பனிக்கு முதலே சொல்லி ஒத்துக்கொள்ள வைக்காட்டில், கவர் நிண்டிடும் எண்டு கிடக்கு. பூட்டின வீடு எண்டு உள்ளதை எழுதினால் கொம்பனி கூடக் காசு கேக்கும் இல்லாட்டி வேண்டாமெண்டும் சொல்லும், அவருக்குக் கொமிஷன் போயிடும், அவ்வளவுதான் விசயம். வருசா வருசம் காசைக் கட்டி, கவரே இல்லாத வீட்டுக்கு ரசீது சேத்து வைச்சிருக்கிறம்.

இன்னொண்டும் அங்கதான் தெரிஞ்சது. கவர் நிண்டிருக்காட்டிலும் எங்களுக்குப் பாதிதான் கிடைச்சிருக்கும். 2022ல டொலர் 200 சொச்சத்தில இருந்து 360 வரைக்கும் ஏறினபிறகு மரம், டைல்ஸ், கூலி எல்லாம் எங்கயோ போயிட்டுது, பொலிசியில போட்ட தொகை மட்டும் பழைய தொகை. உள்ளுக்கு இருக்கிற சாமான் 40 லட்சம் பெறுமதி, பொலிசியில 20 லட்சம் எண்டு வையுங்கோவன், 10 லட்சத்துக்கு நட்டம் வந்தால் 5 லட்சம்தான் தருவினம். மிச்சத்தை நீங்களே இன்சூரன்ஸ் செய்யாமல் விட்டமாதிரி ஒரு கணக்கு. புதுப்பிக்கிற நேரம் தொகையைக் கூட்டச்சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லேல்ல, காசு வாங்க மட்டும் நேரத்துக்கு வந்தவர்.

இப்ப கொம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்திருக்கிறம். முதல் அவையிட்டத்தான் குடுக்கவேணும், அதில சரிவராட்டித்தான் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிட்ட, அதாவது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற நடுநிலையான ஆளிட்டப் போகலாம், அதுக்குக் காசில்லை. ஏஜென்ட் செய்த சுத்துமாத்தை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதப்போறம். என்ன வருமோ தெரியாது. போனில "வீடு பூட்டித்தான் கிடக்கும்" எண்டு நான் ஏஜென்டுக்குப் போட்ட வொய்ஸ் மெசேஜ் இன்னும் அழியாமல் கிடக்கு, நல்ல காலம்.

திறப்பு வைச்சிருக்கிற ஆக்கள் இண்டைக்கே பொலிசியை எடுத்து அந்த 30 நாள் வசனம் இருக்கோ, பைப் தண்ணி சேத்திருக்கோ எண்டு பாருங்கோ, விளங்காட்டி இங்கிலிஸ் தெரிஞ்ச பிள்ளை ஒண்டைக் கொண்டு வாசிப்பியுங்கோ. கொமிட்டியிட்ட பில்டிங் பொலிசியின்ர கொப்பியும் கேளுங்கோ, நீங்கள் காசு கட்டிற ஆக்கள். அந்த ஏஜென்ட் இப்ப பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கம் திரியிறாராம், கையெழுத்துப் பக்கம் மட்டும் வந்தால் ஒருத்தரும் வைச்சுக் குடுக்காதேங்கோ, நிரப்பின முழுப் போமையும் அனுப்பு தம்பி எண்டு சொல்லுங்கோ.