501 பார், மஞ்சள் சன்லைட், நீலச் சர்ஃப்: எங்கள் தெருத் தண்ணீரில் துவைத்துப் பார்த்தவை

போன மாசம் பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்தில், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைத் தேடிப் போயிருந்தேன். அவர் கடை பூட்டியிருந்தது. பக்கத்து மளிகைக் கடையில் விசாரிக்கப் போனால், பலகை மேல் நீள நீளமாகப் பார் சோப்பு அடுக்கி வைத்திருந்தார்கள். காகிதம் கிடையாது, பெயர் அச்சு கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். "முழு பாரா, துண்டா?" என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் கேள்வி என் காதில் விழுந்து முப்பத்தைந்து வருசம் இருக்கும்.

"முழுசாவே கொடுங்கண்ணா, துண்டு போட்டுக் கொடுத்துடுங்க" என்றேன். இரண்டு முனையிலும் கட்டை கட்டிய ஒரு மெல்லிய கம்பியை எடுத்துச் சோப்பின் மேல் வைத்து அழுத்தினார். கம்பி சத்தமே இல்லாமல் இறங்கியது. வெட்டுப்பட்ட இடம் மட்டும் மெழுகு மாதிரி பளபளத்தது, மற்ற பக்கமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. தேங்காயெண்ணெய் காறினால் வருமே, அந்த வாசம் லேசாக. ஆறு துண்டு. தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அந்த ஆறு துண்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் எதோடு ஒப்பிட்டு நல்லது, கெட்டது என்று சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஒப்பிடுகிற சோப்பெல்லாம் இப்போது எங்கள் பக்கத்துக் கடையில் கிடைக்காது.

நாங்கள் இருந்தது தண்டையார்பேட்டையில், ஆறு குடித்தனம் இருந்த ஒரே வீடு. ஆறு குடித்தனத்துக்கும் ஒரே அடிபம்பு, ஒரே துவைக்கிற கல். கடல் பக்கம் என்பதால் பம்புத் தண்ணி உப்புக் கரிக்கும், பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் செம்பழுப்பாக ஒரு படிவம் நிற்கும். குடிக்க லாரித் தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் பம்பு. அந்த வீட்டில் துணி துவைக்கிற பொறுப்பு எங்கள் ஆயாவுடையது. ஆயா கையில் இருந்தது 501 பார்.

501 டாடா ஆயில் மில்ஸ் கம்பெனியின் சோப்பு, டாம்கோ என்பார்கள். 1917-ல் தொடங்கி, எர்ணாகுளத்துப் பக்கம் டாடாபுரத்தில் தேங்காயெண்ணெய் ஆட்டிய கம்பெனி. இன்றைக்கும் நம் ஊரில் பாதி வீட்டுக் குளியலறையில் இருக்கிற ஹமாமும் அவர்கள் போட்டதுதான். 501 அலங்காரமே இல்லாத சோப்பு. ஆயா அதை வாங்கி வந்த அன்றைக்கே உபயோகிக்க விட மாட்டாள். துண்டு போட்டுப் பரண் மேல் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி வைப்பாள். பத்து இருபது நாள் காய்ந்தால் சோப்பு இறுகும், தண்ணியில் சீக்கிரம் கரையாது. ஈரச் சோப்பு காசைத் தின்னும் என்பாள். அது உண்மை. காயாத பார் சோப்பை ஈரத்தில் வைத்தால் ஒரே ராத்திரியில் அடிப்பக்கம் கொழகொழவென்று ஆகிவிடும்.

இப்போது மதிப்பீடு. மழை பெய்த நாளில், ஓட்டிலிருந்து வழிகிற தண்ணியை அண்டாவில் பிடித்துத் துவைத்தால், 501-க்கு மிஞ்சின சோப்பை நான் இன்று வரை பார்க்கவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், கெட்டியான நுரை, கையில் வழவழப்பு, கல்லில் அடிக்கும்போது துணி வழுக்கிக்கொண்டு வரும். ஒரே அலசலில் சுத்தமாகப் போய்விடும். கை எரியாது. காய்ந்த துணியில் சோப்பு வாசமே இருக்காது, வெயில் வாசம்தான் இருக்கும்.

மற்ற நாளில் பம்புத் தண்ணி. அதில் அதே 501-ஐத் தேய் தேய் என்று தேய்த்தாலும் நுரை வராது. பால் திரிந்த மாதிரி தண்ணியில் வெள்ளை வெள்ளையாகத் திரியும். பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும், அதை நகத்தால் சுரண்டி எடுத்து உருட்டி விளையாடியிருக்கிறோம். உப்புத் தண்ணியில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பசையாகிவிடும் என்பது பின்னால் பள்ளியில் வேதியியல் பாடத்தில் வந்தபோது எனக்கு அது பாடமாகவே தெரியவில்லை, எங்கள் பக்கெட்டைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது. அந்தப் பசை துணியிலும் ஒட்டும். வெள்ளைச் சட்டை நாலு மாசத்தில் மங்கிப் போவது அதனால்தான். ஆயா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு கை சலவை சோடாவை முதலில் தண்ணியில் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம்தான் துணியை நனைப்பாள். சோடா அந்தக் கடினத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பாதி பிரச்சினை தீரும், கை மட்டும் வறண்டு போகும்.

அதனால் பழைய சோப்பு போல வருமா என்று யாராவது சொன்னால், எந்த ஊர்த் தண்ணியில் துவைத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். திருநெல்வேலியில் ஆற்றில் துவைத்தவர்களின் 501 வேறு, தண்டையார்பேட்டையில் அடிபம்பில் துவைத்த எங்கள் 501 வேறு.

சன்லைட் மஞ்சள் கட்டி எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சோப்பு. இங்கிலாந்தில் லீவர் 1884-ல் ஆரம்பித்த சோப்பு, 1888-லேயே கல்கத்தாவில் வந்து இறங்கிவிட்டது. நைனாவின் வேட்டிக்கும் என் பள்ளிச் சட்டைக்கும் மட்டும்தான் சன்லைட். அதற்காக லாரித் தண்ணியில் ஒரு குடம் ஒதுக்குவாள் ஆயா. குடிக்கிற தண்ணியை எடுத்துத் துணிக்குப் போடுகிறாயே என்று அம்மா சண்டை போடுவாள், ஆயா காதில் வாங்க மாட்டாள். சன்லைட்டுக்கு எண்ணெயும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசம் உண்டு. வாசம் என்று பார்த்தால் எனக்கு முதல் இடம் அதற்குத்தான். அழுக்கு எடுப்பதில் 501-க்கு ஒரு படி கீழே. சட்டைக் காலரில் இருக்கிற வியர்வைக் கோட்டை அது எடுத்ததே இல்லை.

அப்புறம் சர்ஃப். இந்தியாவுக்கு 1959-லேயே வந்துவிட்டது என்றாலும் எங்கள் வீட்டுக்குள் எண்பதுகளில்தான் நுழைந்தது. நைனா துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்தார். அவர் காக்கிச் சட்டையில் கிரீஸ், டீசல், துரு எல்லாம் இருக்கும். 501 அதில் தோற்றது. ஆயா மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, அப்புறம் சோப்புப் போடுவாள். வீடு பூராவும் மண்ணெண்ணெய் நாற்றம். அம்மா ஒரு நாள் அட்டைப் பெட்டியில் சர்ஃப் வாங்கி வந்து, ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் பிரஷ் போட்டாள். அதே பம்புத் தண்ணி, உப்பு குறையவே இல்லை, ஆனால் நுரை வந்தது. திரியவில்லை. ஆயா பக்கெட்டுக்குள் கையை விட்டு நுரையை அள்ளிப் பார்த்து, "இன்னாடி இது, பம்புத் தண்ணியிலயா வருது?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

டிடர்ஜென்ட் என்பது எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்த்துக் காய்ச்சுகிற சோப்பு இல்லை, அது பெட்ரோலியத்தில் இருந்து வருவது. உப்புத் தண்ணிக்குச் சோப்பைப் போல அது பயப்படாது. அதற்கு மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனை எங்கள் மணலியிலேயே தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ் தயாரிக்கிறது. மண்ணெண்ணெயில் இருந்து பிரிக்கிற பாரஃபினையும் பென்சீனையும் சேர்த்துச் செய்வது. அதை அடர் கந்தக அமிலத்தோடு வினை செய்ய வைத்தால் கரும்பழுப்பாகப் பாகு மாதிரி ஒன்று வரும், ஆசிட் ஸ்லரி என்பார்கள். வீட்டிலேயே சோப்பாயில் கலந்து சைக்கிளில் கேன் கட்டி விற்றவர்கள் அதை வாங்கித்தான் கலந்தார்கள். ஆயா காக்கிச் சட்டையில் தேய்த்த மண்ணெண்ணெய்க்கும் அம்மா கொட்டிய சர்ஃபுக்கும் சொந்தம் உண்டு என்று இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தது.

பழைய நீலச் சர்ஃபுக்கு என் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. ஒரு குறை, விலை. அம்மா அந்தப் பெட்டியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள், வெளியே போட்டுப் போகிற துணிக்கு மட்டும்தான் அது வரும். தினப்படிக்கு மஞ்சள் நிர்மா வந்தது. ஆமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-ல் ஆரம்பித்த தூள், விலை குறைவு, அழுக்கு நன்றாகவே எடுக்கும், ஆனால் கை தோல் உரியும். அதே 1969-ல் வந்த ரின் நீலக் கட்டியும் அப்படித்தான், காலர் கோட்டை எடுத்துவிடும், விரல் இடுக்கில் எரிச்சலையும் கொடுத்துவிடும். வீல் பச்சைத் தூளை எங்கள் வீட்டில் அதிகம் வாங்கவில்லை. 1996-ல் சர்ஃப் எக்செல் வந்தபிறகு பழைய சர்ஃப் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. பெயரில் பாதி அப்படியே இருக்கிறது, ஆனால் ஈரத்தில் மூக்கைச் சுரண்டுகிற அந்த நீலத் தூளின் வாசம் இல்லை.

நீலத்தைச் சொல்லாமல் விட முடியாது. ராபின் நீலத் தூளை ஆயா ஒரு சின்ன வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டி வைத்திருப்பாள். அலசின கடைசித் தண்ணியில் அந்த முடிச்சை விட்டு இரண்டு முறை பிழிவாள். முடிச்சில் இருந்து நீலம் புகை மாதிரி கிளம்பும், வளைந்து வளைந்து அடிக்குப் போகும், அது பரவி முடிக்கிற வரை என்னைக் கையை விட விடமாட்டாள். கலக்கினால் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும் என்பாள். தண்ணி சரியான நிறத்துக்கு வந்துவிட்டதா என்று உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிப் பார்ப்பாள். கைரேகை நீலமாகத் தெரிந்தால் அதிகம், தெரியாமல் தண்ணி மட்டும் தெரிந்தால் சரி. மஞ்சளித்த வெள்ளைத் துணியில் நீலம் ஏறினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அழுக்கு ஒன்றும் போவதில்லை. 501 எங்கள் தண்ணியில் செய்த மங்கலை ராபின்தான் மூடி மறைத்தது. கேரளத்தில் இருந்து 1983-ல் தொடங்கிய உஜாலா வந்ததும் முடிச்சு போய்விட்டது, இரண்டு சொட்டோடு வேலை முடிந்தது. சௌகரியம்தான், ஆனால் நான் முடிச்சுப் பக்கம்.

இந்தப் பேட்டைக்குப் பெயர் வந்ததே சலவையால்தான். கிழக்கிந்திய கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. வெள்ளாவி வைத்து, உவர்மண் போட்டு, வெயிலில் விரித்து வெளுத்த ஊரில், பார் சோப்பு விற்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

டாம்கோ 1993-ல் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. அதன்பிறகு எங்கள் தெருக் கடையில் 501 ஒரு மாசம் வரும், இரண்டு மாசம் வராது, அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டோம். ஆயா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சரி, சந்துக் கடை பாருக்கு வருகிறேன். மூன்று தண்ணியில் துவைத்துப் பார்த்தேன். ஒரே பழைய வேட்டியை மூன்றாகக் கிழித்து, மூன்றிலும் சாம்பாரும் சைக்கிள் செயின் மையும் தடவி.

போர் தண்ணியில் பழைய கதைதான். திரிந்தது, சாம்பல் வளையம் பிடித்தது, நகத்தால் சுரண்டினால் உருண்டையாக வந்தது. சாம்பார் பாதி போனது, மை அப்படியே நின்றது. மாடியில் பிடித்த மழைத் தண்ணியில் நுரை கெட்டியாக வந்தது, சாம்பார் முழுசாகப் போய்விட்டது, மை நன்றாக வெளுத்தது. இந்த இரண்டும் எனக்குத் தெரிந்த முடிவுதான்.

மூன்றாவது, வீட்டுக் குழாயில் வருகிற மெட்ரோ தண்ணி, அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் விடுகிற தண்ணி. ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கொடுக்கிற திறனோடு காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் இருந்து வடசென்னைக்குத் தண்ணி வருகிறது. உப்பை அங்கேயே வடிகட்டிவிடுகிறார்கள். எங்கள் தெருக் குழாயில் பழைய கரிப்பு இல்லை. அந்தத் தண்ணியில் இந்தப் பாரைத் தேய்த்தால், மழைத் தண்ணி அளவுக்கு இல்லை, ஆனால் நுரை நின்றது. திரியவில்லை. பக்கெட் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தேன், வளையம் இல்லை. அந்தச் சோப்பு இருந்தபோது இந்தத் தண்ணி இல்லை, இந்தத் தண்ணி வந்தபோது அந்தச் சோப்பு இல்லை. ஆயாவுக்கு வாழ்நாள் பூராவும் கிடைக்காத தண்ணி குழாயைத் திறந்தால் வருகிறது.

501 அளவுக்கு இந்தப் பார் இருக்கிறதா என்றால், இல்லை. கொஞ்சம் மென்மையாக இருக்கிறது, சீக்கிரம் கரைகிறது, தேங்காயெண்ணெயோடு வேறு மலிவான எண்ணெயும் சேர்த்திருப்பார்கள் போலத் தெரிகிறது. கிரீஸ் துணிக்கு வாங்க வேண்டாம், அதற்குத் தூள்தான். கைக்குட்டை, தலையணை உறை, பனியன், கைக்குழந்தைத் துணி, இவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். கை எரியவில்லை, அலசல் சீக்கிரம் முடிகிறது, காய்ந்த துணியில் பூ வாசம், பழ வாசம் என்று எதுவும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. வாஷிங் மெஷினில் போடுகிற ஒரு திரவத்தை வீட்டில் இரண்டு வருசம் உபயோகித்து, அந்த வாசத்தில் அம்மாவுக்குத் தும்மல் நிற்காமல் போனதால் நிறுத்தினோம். இந்தப் பாரில் துவைத்த புடவையை அம்மா முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

வாங்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள், முழு பாராகக் கேளுங்கள், துண்டு அவரே போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் உபயோகிக்காதீர்கள், இரண்டு வாரம் நிழலில் காற்றுப்பட வையுங்கள். என்னிடம் இன்னும் நாலு துண்டு இருக்கிறது. பரண் இல்லாத வீடு என்பதால் பீரோ மேல் பரப்பியிருக்கிறேன். நேற்று பார்த்தால், நாலையும் அம்மா ஒரு பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.