“வீட்டு ஓட்ஸ் பிஸ்கட்” வாங்குகிறவர்களே, ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

எங்கள் மாமனாருக்கு டீ மட்டும் கொடுத்தால் அது டீயே இல்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வெளியே வந்ததும் டீக்கடையில் நின்றபடி பொறையை முக்கித் தின்று பழகிய வாய். போன வருடம் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் பொறை, வர்க்கி, பட்டர் பிஸ்கட் எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நாலு நாள் மனுஷர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் போய் ஏமாந்தேன்.

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு அக்கா. தெரிந்த பெண் ஒருத்தி நம்பர் கொடுத்தாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் படம் வரும்: “வீட்டுத் தயாரிப்பு, 100% ஓட்ஸ், மைதா இல்லை, சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்.” கிலோ 560 ரூபாய், இரண்டு கிலோ எடுத்தால் 1,050. முழுப் பணமும் முன்னாடியே ஜிபேயில் போட வேண்டும். போட்டேன். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அடுத்த மாதம் வேறு பேரில் வந்துவிடும்.

மூன்றாம் நாள் பிளாஸ்டிக் டப்பாக்களில் வந்தது. லேபிள் இல்லை, தேதி இல்லை. மேலே ஓட்ஸ் தூவி, பழுப்பாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சும்மா கடித்தால் ருசியும் மோசமில்லை, அதை மறைத்தால் பாவம்.

சாயங்காலம் மாமா ஒன்றை எடுத்து டீயில் விட்டார். இரண்டு எண்ணுவதற்குள் பாதி பிஸ்கட் கையை விட்டுப் போய்விட்டது. கரண்டி கேட்டு வாங்கித் துழாவினார். அடியில் வெள்ளையாகக் கூழ். மேலே ஏழெட்டு ஓட்ஸ் செதில்கள் மட்டும் மிதந்தன.

“இன்னாம்மா இது? ஓட்ஸு தனியா நீஞ்சுது, பிஸ்கட்டு தனியா முழுவிப் போச்சு.”

முக்கினால் எந்த பிஸ்கட்டும் ஒரு கட்டத்தில் உடையும்தான். மாவுத் துகள்களைச் சர்க்கரைதான் பசை மாதிரி பிடித்து வைத்திருக்கிறது. சூடான டீ உள்ளே ஏறினால் சர்க்கரை கரையும், மாவு ஊதும், பிடி விட்டுப்போகும். இதற்குக் கணக்குப் போட்டு 1999இல் இக் நோபல் பரிசு (சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் வேடிக்கைப் பரிசு) வாங்கினார் லென் ஃபிஷர் என்ற பிரிஸ்டல் பல்கலைக்கழக விஞ்ஞானி. பிஸ்கட்டைப் படுக்கை வசமாக முக்கினால் மேல்பக்கம் கொஞ்ச நேரம் உலர்ந்தே இருக்கும், அது தாங்கிப் பிடிக்கும் என்பது அவர் யோசனை. மாமாவிடம் சொன்னேன். “டம்ளர்ல எங்கம்மா படுக்க வைக்கறது?” என்றார். நியாயம்தானே.

ஆனால் ஓட்ஸ் செதில் அப்படிக் கரைகிற சாமான் இல்லை. வெந்து வழவழப்பாகும், ஆனாலும் செதிலாகத் தெரியும். “100% ஓட்ஸ்” உடைந்திருந்தால் டம்ளரின் அடியில் செதில் குவிந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம் அங்கேதான் தட்டியது.

என் கணவர் அயோடின் விட்டுப் பார்க்கலாம் என்றார். அது வீண் வேலை. அயோடின் ஸ்டார்ச்சைத்தான் காட்டும். மைதாவிலும் ஸ்டார்ச், ஓட்ஸிலும் ஸ்டார்ச், இரண்டும் நீலமாகும். நான் செய்தது வேறு. ஐந்து பிஸ்கட்டை வெந்நீரில் ஊறப்போட்டு, கரைத்து, டீ வடிகட்டியில் ஊற்றினேன். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் ஓடியது. வலையில் நின்றது ஒரு டீஸ்பூன் ஓட்ஸ். ஐந்துக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன்!

அப்புறம்தான் பிஸ்கட்டைத் திருப்பிப் பார்க்கவே தோன்றியது. நடுவில் எட்டு ஊசி ஓட்டை, சுற்றிலும் பல் பல்லாக விளிம்பு. இன்னொன்றை எடுத்தேன், அதே எட்டு, அதே இடத்தில். பத்து பிஸ்கட்டைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. கையால் உருட்டித் தட்டிய பிஸ்கட் ஒன்றுக்கொன்று கோணல் மாணலாக இருக்கும். அந்த ஓட்டைகள் தொழிற்சாலையில் பிஸ்கட் உப்பாமல் இருக்க மெஷின் குத்துகிறவை.

போன் போட்டேன். முதலில், “டீ ரொம்ப சூடா இருந்திருக்கும்மா, ஆறவெச்சு முக்கச் சொல்லுங்க.” வடிகட்டிக் கதையைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. “ஓட்ஸ் பிஸ்கட்டுன்னா ஓட்ஸ் இருக்கணும், இருக்குது. எவ்ளோ இருக்கணும்னு நான் சொன்னேனா?” நூறு சதவீதம் என்று போட்டீர்களே என்று கேட்டேன். போன் கட். அதோடு என் நம்பரையும் அந்த அக்கா பிளாக் செய்தாயிற்று. அந்த ஸ்டேட்டஸை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. 24 மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து ஓட்ஸ் வாங்கப் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைக்குப் போனேன். அங்கே திறந்த அட்டைப்பெட்டியில் நம்ம பிஸ்கட்! எடுத்துத் திருப்பினேன், எட்டு ஓட்டை. உதிரியாகக் கிலோ 190. பெட்டியில் ஒட்டியிருந்ததைப் படித்தேன்: மைதா, சர்க்கரை, பாமாயில், நாலாவதாக ஓட்ஸ் 7%. எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம், அந்தக் கம்பெனி ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது. பெட்டியைக் கிழித்துவிட்டு டப்பாவில் மாற்றிய கைதான் திருட்டுக் கை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஜிபே ரசீது ஒன்றுதான். புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள், பார்க்கலாம். வீட்டில் செய்து விற்கிறவர்களும் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு செய்திருக்க வேண்டும், அது 14 இலக்க எண். காசு அனுப்புவதற்கு முன் அந்த எண்ணைக் கேளுங்கள். “அதெல்லாம் எதுக்கும்மா, நம்ம வீட்டுப் பிஸ்கட்டு” என்று பதில் வந்தால் பணம் உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

கடைசியில் நானே செய்ய ஆரம்பித்துவிட்டேன். 100 கிராம் ஓட்ஸ், 100 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய், 70 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் தேன். வெண்ணெயையும் தேனையும் உருக்கி, அரை டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். அதை அப்படியே மற்றதோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, 160 டிகிரியில் பதினைந்து பதினெட்டு நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளி முதல் தட்டைக் கருக்கினேன். ஆறினால்தான் இறுகும். இரண்டாவது தடவை உடனடி ஓட்ஸ் போட்டேன், பொடிப்பொடியாகிவிட்டது. பெரிய செதிலாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ்தான் சரி.

ஓட்ஸில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது, அதனால் பிடிப்புக்குக் கொஞ்சம் கோதுமை மாவு வேண்டியிருக்கிறது. என் பிஸ்கட்டும் “100% ஓட்ஸ்” இல்லை. சர்க்கரையும் இருக்கிறது, ஆகவே டாக்டரிடம் கேட்டுவிட்டு டீக்கு ஒன்றே ஒன்று. மாமா டப்பாவைத் தானே திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சாமான் கணக்கும் போட்டேன், கிலோ 300 ரூபாயைத் தாண்டுகிறது, கரண்ட் தனி. ஆக, நிஜமாகவே கையால் செய்து ஒருவர் 560க்கு விற்றால் அது கொள்ளை விலை இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம்.

நேற்று அந்த அக்காவின் ஸ்டேட்டஸை வேறு ஒருத்தர் போனில் பார்த்தேன். இப்போது ராகி பிஸ்கட்டாம், கிலோ 620, “100% ராகி.” படத்தைப் பெரிதாக்கினேன். ஓட்டை தெரிகிறது, எண்ண முடியவில்லை. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் யாராவது ஆர்டர் போட்டிருந்தால் டப்பா வந்ததும் எண்ணிச் சொல்லுங்கள். ஸ்டேட்டஸ் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்க எனக்கு ஒன்று வேண்டும்.