16 வருடக் கடை, 10 வருடமாக நிற்கும் எஸ்கலேட்டர்

போன வாரம் பண்ருட்டியிலிருந்து தோழி ஒருத்தி போன் பண்ணினாள். "அக்கா, உங்க காம்ப்ளக்ஸ்ல முதல் மாடிக் கடை எல்லாம் பாதி வாடகைக்கு வருதாமே, ஒண்ணு எடுத்துப் போடலாமா?" என்று கேட்டாள். ஏதோ எரிச்சலில் பதில் சொல்லி வைத்துவிட்டேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் அவளுக்கே நிதானமாக எழுதுகிறேன். வாடகை, அட்வான்ஸ், சதுர அடி எல்லாம் அவளே விசாரித்துவிட்டாள், அதற்குள் நான் போகவில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இந்தக் காம்ப்ளக்ஸின் முதல் மாடியில் 2009 தீபாவளிக்கு முன்னால் என் மேட்சிங் சென்டரைத் திறந்தேன். புடவை நிறத்துக்குப் பொருந்துகிற டூ பை டூ ரவிக்கைத் துணி, லைனிங் துணி, ஃபால்ஸ், முந்தானைக்குக் குச்சம். அப்போது வாசலுக்கு நேரே எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்தும் தாழங்குடாவிலிருந்தும் குடும்பமாக வருவார்கள். சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். புடவை ஓரம் படியின் பல்லில் மாட்டிவிடுமோ என்று கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் காலை வைப்பதற்குள் பின்னால் பத்துப் பேர் நின்றுவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. எங்கள் மாடியில் 22 கடை, ஒன்றுகூடக் காலி இல்லை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது முகப்புக் கண்ணாடி பாதிக்குமேல் போய்விட்டது. பல நாள் கரன்ட் இல்லை. ஆனாலும் பொங்கல் முடிந்து எஸ்கலேட்டர் ஓடியது, கூட்டமும் திரும்பி வந்தது. அதை நான் மறக்கவில்லை.

அது நின்றது 2015 மழையில். எஸ்கலேட்டரின் மோட்டார் மேலே இருக்கும், ஆனால் கீழே தரைக்கடியில் ஒரு குழி இருக்கிறது. படிகள் அதற்குள் போய்த்தான் திரும்பி வரும். அந்தக் குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. சங்கிலி துருப்பிடித்தது, சுவிட்சுகள் போயின. சரி, ரிப்பேர் பண்ண வேண்டியதுதானே என்று கேட்பாய். யார் பண்ணுவது? இந்தக் கட்டடத்தைக் கட்டியவர் கடைகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். ஒரு கடைக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஒருவர் நெய்வேலியில் ரிடையர் ஆகி அந்தப் பணத்தில் வாங்கிப் போட்டவர், இன்னும் சிலரை நான் பார்த்ததே இல்லை. தரைத்தளத்துக்காரர்களுக்கு எஸ்கலேட்டர் தேவையே இல்லை. பூட்டிக் கிடக்கும் கடைக்கு எதற்கு மெயின்டனன்ஸ் என்று மாடிக்காரர்கள் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்கள் தலையில் பங்கு ஏறுகிறது, அதைத் தாங்க முடியாமல் அவர்களும் பூட்டுகிறார்கள். சென்னையில் ஸ்பென்சர் பிளாசாவிலும் கடைகளைப் பலருக்குத் தனித்தனியாக விற்றார்கள். ஒருவர் கையில் வைத்துக்கொண்டு வாடகைக்கு மட்டும் விடுகிற மாலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரியும்.

நின்ற எஸ்கலேட்டரில் ஏறிப் பார்த்திருக்கிறாயா? சாதாரணப் படிக்கட்டைவிட ஒவ்வொரு படியும் உயரம். முதல் இரண்டு படியும் கடைசி இரண்டு படியும் வேறு அளவு, கால் ஏமாறும். பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறது, கழிப்பறையை ஒட்டி, லைட் இல்லாமல். அதனால் முட்டிவலிக்காரப் பெண்கள் நின்ற எஸ்கலேட்டரில்தான் ஏறுகிறார்கள். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்குவதை என் கல்லாவிலிருந்தே பார்க்கலாம். பத்து வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. போன ஆடித் தள்ளுபடிக்கு எங்களில் ஏழு பேர் பணம் போட்டு ஆள் வைத்து ஓட விட்டோம். 11 நாள் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றது.

எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவது சரியில்லை என்றும் தெரியும். 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்று ஆனபோது எங்களுக்குக் கல்யாண சீசன், அடி பலமாக விழுந்தது. 2020-ல் மார்ச்சில் பூட்டினது, மால்களைத் திறக்க அனுமதி செப்டம்பர் 1-ல்தான் வந்தது. அதற்குள் எங்கள் மாடியில் நாலு பேர் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், அங்கே பெரிய மால் வந்த பிறகு பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போகிறார்கள்.

இப்போது 22-ல் 7 கடைதான் திறந்திருக்கிறது.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. என் கடைக்குப் பக்கத்தில் வடக்குப் பார்த்து ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் காலையிலிருந்து நாலு மணி வரைக்கும் ஒரே சீராக வரும். மேட்சிங் தொழிலில் அதற்கு விலையே கிடையாது. டியூப் லைட்டில் அரக்கு காப்பிக்கொட்டை மாதிரித் தெரியும். எல்.இ.டி-யில் பொருந்தின கிளிப்பச்சை வீட்டு வாசலில் போய் வேறு பச்சையாகிவிடும். போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா, மகள் நிச்சயதார்த்தப் புடவை, மயில்கழுத்து நிறம். ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறம், திருப்பினால் மாறும். மூன்று கடையில் பார்த்துக் கிடைக்கவில்லையாம். ஜன்னலோரம் மடித்து விரித்து ஒன்பது துண்டு வைத்துப் பார்த்தோம். ஒன்பதாவது துண்டு புடவைக்குள்ளேயே மறைந்துபோனது. "இதுக்கு மாடி ஏறினது தகும்மா" என்றார் அந்த அம்மா. அன்றைக்கு முழுக்க எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், நீ எடுக்காதே. பாதி வாடகை இல்லை, கால் வாடகைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உன் ஃபேன்சி ஸ்டோருக்கு நடைபாதைக் கூட்டம் வேண்டும், அது இந்த மாடிக்கு இனி ஏறாது. என் 11 மாத அக்ரிமென்ட்டைப் போன மாதம்தான் புதுப்பித்தேன். அந்த ஜன்னலை விட்டு என்னால் வர முடியாது.

தங்கச்சி கல்யாணப் புடவைக்கு மேட்சிங் வேண்டும் என்றாயே, அதை எடுத்துக்கொண்டு நாலு மணிக்குள் வா. அம்மாவைக் கூட்டி வந்தால் கீழேயே உட்கார வை, நான் துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறேன்.