ஜிஞ்சா டெம்ப்ளேட்டில் மேற்கோள்குறிகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரு ஹார்டுவேர் கடையின் பொருள் பட்டியல் தளத்தை ஃபிளாஸ்க்கில் (பைத்தானில் இணையதளம் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிப் பராமரித்து வருகிறேன். டெம்ப்ளேட்டுக்கு, அதாவது தரவை நிரப்பிப் பக்கத்தை உருவாக்கும் அச்சுக்கு, ஜிஞ்சா. பைப், வால்வு என்று எதை எடுத்தாலும் பெயரில் 2" என்று அங்குலக்குறி இருக்கும். அதாவது, இரட்டை மேற்கோள்குறி.

ஃபிளாஸ்க்கில் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகளுக்கு ஆட்டோ எஸ்கேப், அதாவது எச்டிஎம்எல்லில் தனிப் பொருள் உள்ள குறிகளைத் தீங்கற்ற குறியீடுகளாக மாற்றும் வசதி, தானாகவே இயங்கும். <, >, &, இரண்டு வகை மேற்கோள்குறிகள் எல்லாமே மாற்றப்பட்டுவிடும். ஆனால் அட்ரிபியூட்டின் (எச்டிஎம்எல் டேகுக்குள் பெயர்="மதிப்பு" என்று எழுதும் பகுதி) மதிப்பைச் சுற்றி நாம் மேற்கோள்குறி போட்டிருந்தால்தான் அது காப்பாற்றும். போடாவிட்டால் பெயரில் வரும் முதல் ஸ்பேஸிலேயே மதிப்பு முடிந்து, மிச்சம் தனி அட்ரிபியூட்டுகளாகிவிடும். வெளியாள் தந்த உரையென்றால் அந்த வழியாக ஒரு ஆன்கிளிக்கே (கிளிக் செய்தால் ஓடும் நிரல்) உள்ளே வரலாம். எண் மட்டுமே வரும் இடத்திலும் நான் மேற்கோள்குறியை விடுவதில்லை.

மதிப்பை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும் டுஜேசன் ஃபில்டருக்கு விதி வேறு. அது <, >, &, ஒற்றை மேற்கோள் ஆகியவற்றை யூனிகோடு எண்களாக மாற்றும்; ஜேசனுக்கே தேவையான இரட்டை மேற்கோளை அப்படியே விடும். வெளியீடு பாதுகாப்பானது என்று குறிக்கப்படுவதால் ஆட்டோ எஸ்கேப்பும் அதைத் தொடாது. ஆகவே டேட்டா அட்ரிபியூட்டில் வைக்கும்போது வெளியே ஒற்றை மேற்கோள்தான் போட வேண்டும். பழக்கத்தில் இரட்டை போட்டால் ஜேசனின் முதல் மேற்கோளிலேயே அட்ரிபியூட் மூடிக்கொள்ளும். இரட்டைதான் வேண்டுமென்றால் கூடவே, பாதுகாப்பானது என்று குறித்ததையும் எஸ்கேப் செய்யும் ஃபோர்ஸ்எஸ்கேப் ஃபில்டரைச் சேர்க்கலாம். ஜிஞ்சா ஆவணத்தில் இது ஒரு குறிப்பாகத்தான் இருக்கிறது. இன்னும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டியது.

எந்த அட்ரிபியூட் வரும், எது வராது என்பதே மாறுகிற இடங்களில் இஃப் வரிகளை அடுக்குவதைவிட எக்ஸ்எம்எல்அட்டர் ஃபில்டர் எனக்கு ரொம்பப் பிடித்தது. டிக்‌ஷனரியைக் கொடுத்தால் மேற்கோள்குறி, எஸ்கேப் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். மதிப்பு நன் (பைத்தானில் ‘எதுவும் இல்லை’) என்றால் அந்த அட்ரிபியூட்டே வராது. ஆனால் ஃபால்ஸ் கொடுத்தால் டிசேபிள்டு="ஃபால்ஸ்" என்று அச்சாகும், அட்ரிபியூட் இருந்தாலே போதும் என்று பிரவுசர் பட்டனை முடக்கிவிடும். அதனால் ஃபால்ஸுக்குப் பதில் நன் அனுப்புகிறேன். இன்னொன்று, பயனர் தரும் உரையை அட்ரிபியூட்டின் பெயராக விடவே கூடாது. 2024இல் வந்த ஜிஞ்சா 3.1.3, 3.1.4 பதிப்புகள் இந்த ஓட்டையைத்தான் அடைத்தன. பழைய பதிப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

அப்புறம் லிங்க். ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கும் முகவரியைக் கிளிக் செய்தால் நிரல் ஓடும்; அதில் எஸ்கேப் செய்ய எதுவுமே இல்லாமல் போகலாம், மேற்கோள்குறியும் அதைத் தடுக்காது. அதைப் பைத்தான் பக்கத்திலேயே சோதித்து, எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் மட்டும் டெம்ப்ளேட்டுக்கு அனுப்புகிறேன்.