கீழ்வீட்டுக் குழாய்க்கு எது சரி: கேட் வால்வா, பிஆர்வியா?

கோவை, திருப்பூர் பக்கம் உயரமான அடுக்குமாடிகள் பெருகிய பிறகு, மேல்வீட்டில் தண்ணீர் வேகம் போதவில்லை, கீழ்வீட்டில் வேகம் தாங்கவில்லை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம். மொட்டைமாடித் தொட்டி 36 மீட்டர் மேலே இருந்தால், தரைத்தளக் குழாயில் மூன்றரைக் கிலோ நிற்கும். குழாயைப் படக்கென்று மூடும்போது அதற்கும் மேலே எகிறும். மலிவான கனெக்‌ஷன் டியூபும் ஹெல்த் பாசெட் ஓஸும் தாங்காது.

பிளம்பரைக் கூப்பிட்டால், "கேட் வால்வைக் கொஞ்சம் திருகி வெச்சிருக்கேனுங்க, இனி சரியாப் போயிருமுங்க" என்பார். செலவில்லை, வேகமும் குறைந்திருக்கும். ஆனால் குறைந்தது ஓட்டம் மட்டுமே. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள், முள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். யாரும் தண்ணீர் புழங்காத ராத்திரியில் ஓஸ்மேல் முழு அழுத்தமும் அப்படியே நிற்கிறது. போதாததற்கு, முழுக்கத் திறக்கவோ முழுக்க மூடவோ செய்யப்பட்ட வால்வு அது. பாதியில் நிறுத்தினால் உள்தகடு அதிர்ந்து தேயும். அவசரத்துக்கு மூடினால் தண்ணீர் நிற்காது.

அழுத்தத்தைக் குறைக்கும் வால்வான பிஆர்வி அப்படியில்லை. உள்ளே ஸ்பிரிங்கும் டயபிரம் என்கிற சவ்வும் இருக்கின்றன. இரண்டு கிலோவுக்கு வைத்தால், குழாய்கள் மூடியிருந்தாலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். விலை கூடத்தான். இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன். சிறுவாணித் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டில் பெரிய தொல்லை இருக்காது. போர் தண்ணீர் கலந்தால் உப்புப் படிந்து வால்வு சரியாக மூடாமல் போகும், அழுத்தம் மெல்ல ஏறும். அதனால் முன்னால் ஒரு ஸ்டிரெய்னர் (தூசியைப் பிடிக்கும் வலை), பின்னால் ஒரு கேஜ் கட்டாயம் வையுங்கள். வலையை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள்.

இன்னொன்று: பிஆர்வி தண்ணீரைப் பின்னால் போகவிடாது. கீசர் சூடாகும்போது விரியும் தண்ணீர் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டலாம். ஒழுகுகிறதே என்று அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள், ஆபத்து.

நடு மாடியில் தனித்தொட்டி வைப்பதும் நல்ல வழிதான், ஆனால் அது கட்டும்போதே யோசித்திருக்க வேண்டியது.

இரண்டு மாடித் தனி வீட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. தொட்டியிலிருந்து நேராக இறங்கும் தண்ணீருக்கு அங்கே ஒரு கிலோ அழுத்தம் வருவதே அதிகம். குழாய் ஒழுகினால் வாஷரைப் பாருங்கள். பிரஷர் பம்ப் மாட்டியிருந்தால், முதலில் அதன் கட்-ஆஃப் அளவை, அதாவது பம்ப் தானாக நிற்கும் அழுத்தத்தை, குறைத்துப் பாருங்கள்.