விரித்து மடிக்கும் திண்ம உருவங்கள் செட்: பொருள் நன்று, குறிப்புத்தாள் மோசம்

கணக்குப் பாடத்துக்கென்று விற்கும் பிளாஸ்டிக் உருவங்கள் பெரும்பாலும் அலமாரியில் அழகுக்கு நிற்கத்தான் லாயக்கு, இந்த செட் அந்த ரகமில்லை. கனசதுரம், முப்பட்டகம், அறுகோணப் பட்டகம், சதுரப் பிரமிடு, உருளை, கூம்பு, கோளம் எல்லாமே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்; கோளம் தவிர மற்ற எல்லாவற்றுக்குள்ளும் அதனதன் வலையை, அதாவது உருவத்தைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் கிடைக்கும் வடிவத்தை, கலர் அட்டையில் மடித்து வைத்திருக்கிறார்கள்.

வாங்குவதென்றால் அந்த அட்டைகளுக்காகவே வாங்கலாம். அறுகோணப் பட்டகத்தின் அட்டையை உருவி மேசையில் விரித்தால் ஆறு பக்கச் செவ்வகங்களும் சேர்ந்து ஒரே நீளச் செவ்வகமாகப் படுத்துக்கொள்கின்றன, மேலே ஓர் அறுகோணம், கீழே ஓர் அறுகோணம். பக்கப் பரப்பு ஏன் அடிச்சுற்றளவு பெருக்கல் உயரம் என்பதை அப்புறம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோளத்தின் மேற்பரப்பைச் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் தட்டையாக்க முடியாது, அதனால்தான் அதற்கு அட்டை இல்லை. குறிப்புத்தாளில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடியும் உயரமும் பொருந்துகிற மாதிரி செய்திருப்பதால் கூம்பை நிரப்பி மூன்று தடவை மணல் கொட்டினால் உருளை நிறைகிறது, பிரமிடுக்கும் கனசதுரத்துக்கும் அதே கதைதான், கோளத்து மணல் உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு வந்து நிற்கிறது. ஆனால் ஸ்கேலை வெளியே வைத்து அளந்துவிட்டுக் கணக்குப் போட்டால் உதைக்கும்: கனசதுரம் வெளிப்புறம் 8 செ.மீ., அப்படியானால் 512 மி.லி. பிடிக்க வேண்டும், சுவர் 2 மி.மீ. தடிமன் என்பதால் உள்ளே 7.6 செ.மீ.தான், பிடிப்பது ஏறத்தாழ 439 மி.லி. உள்ளளவை எங்கேயும் அச்சிடவில்லை.

குறிப்புத்தாள்தான் எரிச்சல். உச்சி கழித்தல் விளிம்பு கூட்டல் முகம் எப்போதும் 2 என்ற ஆய்லர் சூத்திரத்தைப் போட்டு, "எல்லா உருவங்களுக்கும்" என்று எழுதி, கீழேயே அட்டவணை. அறுகோணப் பட்டகத்துக்கு 12, 18, 8, சரி. உருளைக்கு 0, 2, 3 என்று இருக்கிறது, கூட்டிக் கழித்தால் 1! தட்டையான முகங்கள் உள்ள, நடுவில் துளையில்லாத உருவங்களுக்கான சூத்திரம் அது என்று ஆசிரியரே சொல்லிவிடுவது நல்லது.

மூடிகள் கொஞ்சம் தளர்வு, தண்ணீர் கசியும், மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.