தருமபுரி வார இறுதி உயிரியல் வகுப்பு: லாக் ஓபரான் பாடத்தை முன்வைத்து ஒரு மதிப்புரை

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கங்களிலிருந்து பேருந்தில் வரும் பிளஸ் டூ மாணவர்களுக்காகத் தருமபுரியில் நடைபெறும் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் என் மகளைச் சேர்த்திருக்கிறேன். நீட் தேர்வுக்கான உயிரியலைத் தமிழிலேயே நடத்துகிறார்கள் என்பதே அதற்குக் காரணம். பாக்டீரியாவில் ஜீன் வெளிப்பாடு நெறிப்படுத்தப்படுவதை, பால் சர்க்கரையான லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் ஜீன்களின் தொகுப்பான லாக் ஓபரானைக் கொண்டு விளக்கும் பாடம் நடந்தபோது, அனுமதி பெற்று நானும் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்தேன்.

ஆசிரியை ஒரு காந்தப் பலகையில் ஊக்குவிப்பி (பாலிமரேஸ் இணையும் இடம்), இயக்கி (ஒடுக்கி இணையும் இடம்), அடுத்து இசட், ஒய், ஏ என்னும் மூன்று அமைப்பு ஜீன்கள் என வண்ண அட்டைகளை வரிசையாக ஒட்டினார். இயக்கியின் மேல் ஒடுக்கிப் புரதத்துக்கான சிவப்பு அட்டையை வைத்துவிட்டு, ஜீன்களைப் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் அட்டையை நகர்த்துமாறு ஒரு மாணவனை அழைத்தார். அது சிவப்பு அட்டையில் முட்டி நின்றது. தூண்டியைக் குறிக்கும் சிறிய மஞ்சள் வில்லையைச் சிவப்பு அட்டையின் பள்ளத்தில் பொருத்தி, அதை அப்படியே பலகையிலிருந்து விலக்கியதும், பாலிமரேஸ் மூன்று ஜீன்களையும் கடந்து சென்றது. பிரெஞ்சு அறிவியலாளர்களான ஜேக்கப்பும் மோனாடும் 1961இல் முன்வைத்த மாதிரியை இவ்வளவு தெளிவாக விளக்கி நான் பார்த்ததில்லை.

அப்போது ஒரு மாணவி, லாக்டோஸை உள்ளே கடத்தும் புரதமான பெர்மியேஸ் உருவாவதற்கு முன்பு லாக்டோஸ் செல்லுக்குள் எப்படி நுழையும் என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. ஒடுக்கம் ஒருபோதும் முழுமையானதன்று, நொதிகள் மிகச் சிறிதளவு எப்போதும் உருவாகிக்கொண்டே இருக்கும் என்று ஆசிரியை சரியாகவே விடையளித்தார். ஆனால் நிலையம் அச்சிட்டுத் தரும் குறிப்பேடு, லாக்டோஸே நேரடியாக ஒடுக்கியுடன் இணைகிறது என்கிறது. அந்தச் சிறிதளவு நொதிகளில் ஒன்றான பீட்டா கேலக்டோசிடேஸ் லாக்டோஸை மாற்றி உண்டாக்கும் அல்லோலாக்டோஸ்தான் உண்மையில் இணைகிறது. தேர்வு விடைக்கு லாக்டோஸ் என்பது போதும் என்றாலும், புரிந்து படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது போதாது.

குளுக்கோஸின் பங்கைக் கடைசி சில நிமிடங்களில் முடித்துவிட்டது எனக்கு வருத்தமே. குளுக்கோஸ் குறையும்போது சுழற்சி ஏ.எம்.பி. என்னும் சமிக்ஞை மூலக்கூறின் அளவு உயர்ந்து, அதனுடன் இணைந்த சி.ஆர்.பி. புரதம் பாலிமரேஸுக்குத் துணைநிற்காவிட்டால், ஒடுக்கி விலகியிருந்தாலும் படியெடுத்தல் மந்தமாகவே நடக்கும். இரு சர்க்கரைகளும் உள்ள ஊடகத்தில் ஈ. கோலை பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத் தீர்த்து, சற்றுத் தேங்கி, பிறகே லாக்டோஸில் மீண்டும் பெருகுவதைக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தைப் பலகையில் வரைந்திருந்தால் இது எளிதில் விளங்கியிருக்கும். டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தை உருவாக்கும் ஜீன்களின் தொகுப்பான டிரிப்டோஃபேன் ஓபரானும் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டது.

அறை காற்றோட்டமாக இருக்கிறது. வகுப்பு குறித்த நேரத்தில் தொடங்குகிறது. தமிழ்வழி மாணவர்களைத் தயங்காமல் இங்கே சேர்க்கலாம். குறிப்பேட்டில் அல்லோலாக்டோஸ் பற்றிய வரியைத் திருத்துமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் ஏட்டில் அதைக் கையால் திருத்திக்கொள்ளலாம்.